பக்கம் அறுபத்து மூன்று

இரண்டு கடிதங்கள் ஒரே நாளில் வந்தன.
ஒன்று, ஜனவரி முதல் வாடகை கூடும் என்றது.
மற்றது தடித்த ஆண்டறிக்கை.
அட்டையில் ஓர் ஏரி, ஏரியில் ஒரு தோணி,
தோணியில் பல்வரிசை நல்ல வெள்ளைக்காரத் தம்பதி.
என் ஓய்வுகாலம் அதுதானாம்.

ஸ்காபரோவில் மாநகர முதியோர் இல்லத்தில்
இருபத்திரண்டு வருடமாய் விரிப்புகள் தோய்க்கிறேன்.
இரண்டு கிழமைக்கு ஒருமுறை சம்பளத்துண்டில்
நூற்று அறுபத்தெட்டு டொலர் என்னைக் கேட்காமல் போகும்.
எங்கே போகிறாய் என்று நானும் கேட்டதில்லை.

சீட்டென்றால் அப்படி இருந்திருப்பேனா?
பன்னிரண்டு பேர். யார் கழிவு கூறி முதலில் எடுத்தது,
எதற்கு எடுத்தது, கலியாணத்துக்கா காருக்கா,
தாச்சி வீட்டில் இந்த மாதம் என்ன புதுசு,
எல்லாம் விரல் நுனியில்.
இந்தச் சீட்டில் மூன்று லட்சம் பேர்.
தாச்சியின் முகம் பக்கம் நான்கில், கழுத்துப்பட்டியோடு.

அறுபத்து மூன்றாம் பக்கத்தில்தான் கண்டேன்.
குடியிருப்புச் சொத்துகள் என்ற தலைப்பின் கீழே
பொடி எழுத்தில் ஒரு கம்பெனிப் பெயர்.
எங்கேயோ பார்த்த பெயர்.
மற்றக் கடிதத்தின் நெற்றியிலும் அதே பெயர், அதே பச்சை இலை.

தேத்தண்ணி ஆறிப்போனது.

அப்படியென்றால் மார்க்கம் வீதியின் இந்தப் பதினெட்டு மாடி,
கரப்பான்கள், பூட்டுடைந்த தபால்பெட்டிகள்,
ஒற்றை எண் மாடிகளில் மட்டும் நிற்கிற,
எட்டு மாதமாய் எங்குமே நிற்காத லிப்ட்,
எல்லாவற்றிலும் மூன்று லட்சத்தில் ஒரு பங்கு எனக்கு.
பத்தில் இறங்கிப் பதினொன்றுக்கு மூச்சிரைக்க ஏறுகிறேன்.
என் வாடகையை நானே கூட்டி
எனக்கே கடிதம் போட்டிருக்கிறேன்.

வேலையிடத்தில் மாரிசெலிடம் சொன்னேன். அவளுக்கு இருபத்தாறு.
ஈரத் துணியை உதறியபடி, "பெருகட்டும்" என்றாள்.
"பெருகாவிட்டால் எனக்கு என்ன மிஞ்சும்?"
பிறகு, இயந்திரத்தின் கதவைச் சாத்திவிட்டு,
"பெருகி முடிகிறபோது
எந்த வீட்டில் இருப்பேன் என்றும் கேட்டு வா."

கேட்கப் போனேன். விமான நிலையத்தடி ஹோட்டல்.
விரலளவு சாண்ட்விச். திரையில் ஏறிக்கொண்டே போகும் கோடு.
உறுப்பினர் நலன் ஒன்றே எங்கள் கடமை என்றார் தாச்சி.
அவரில் கோபம் வரவில்லை. கணக்குச் சுத்தமாய்த்தான் இருந்தது.
சிவயோகமலரில் மலரை விழுத்திவிட்டு
என் பெயரை வாசித்தார்கள். இரண்டு நிமிடம் என்றார்கள்.

மாரிசெலின் கேள்வியை எழுதி மடித்து வைத்திருந்தேன்.
வாய் வேறொன்றைச் சொன்னது.
"ஒற்றை மாடி லிப்ட் எட்டு மாதமாய் நிற்கிறது.
பதினேழில் ஹிர்சி என்றொருவர், சக்கர நாற்காலி,
ஒரு மாடிப் படி அவருக்குச் சமுத்திரம்.
நான் அந்தக் கட்டடத்தின் சொந்தக்காரி.
திருத்தச் சொல்கிறேன்."

சிலர் சிரித்தார்கள். ஒருத்தி மட்டும் எழுதிக்கொண்டாள்.

ஐந்தாம் கிழமை லிப்ட் ஓடியது.
ஏழாம் கிழமை பச்சை இலைக் கடிதம்:
திருத்தச் செலவை ஈடுகட்ட, மேலும் மூன்று வீதம் கேட்டு
விண்ணப்பம் போட்டிருக்கிறார்களாம்.
ஐம்பத்தொரு டொலர். இதில் எத்தனை சதம் சுற்றிவந்து
அறுபத்தைந்தாம் வயதில் என் கையில் விழும் என்று
உறையின் முதுகில் கணக்குப் பார்த்தேன்.
புள்ளிக்குப் பிறகு வந்த பூச்சியங்கள்
உறையின் விளிம்பைத் தாண்டிப் போயின.
மடித்த கேள்வி இன்னும் குளிர்ச்சட்டைப் பையில்.

இன்று காலை லிப்டுக்குள் ஹிர்சி இருந்தார்,
கம்பளித் தொப்பியும் ஒரே ஒரு கையுறையுமாய்.
மற்றக் கையால் பனியைத் தொட்டுப் பார்க்க வேண்டுமாம்.
நன்றி என்றார்.
லிப்டுக்கா எனக்கா என்று தெரியவில்லை.
அவருக்கும் அதே ஐம்பத்தொன்று வரும்,
கடிதத்தை இன்னும் பிரிக்கவில்லைப் போல.
சொல்லவா விடவா என்று நினைப்பதற்குள்
கீழே வந்து கதவு திறந்தது.